டி டிரைவில் சிக்கிய ஆல்பம்

அண்ணாச்சிக்கு இடம் சும்மா கிடந்தால் பொறுக்காது. திருத்தங்கலில் அவருடைய அச்சகத்துக்குள் காலெடுத்து வைக்கும் யாருக்கும் அது உடனே தெரிந்துவிடும். பேப்பர் ரீம்கள் தகரக் கூரையை முட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு அடுக்குகளுக்கு நடுவே மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு ஒருக்களித்துத்தான் போக முடியும். மை டப்பாக்களின் மேல் பழைய அச்சுப் பிளேட்டுகள், பிளேட்டுகளின் மேல் வெட்டி மிஞ்சிய பேப்பர் துண்டுகள், அவற்றின் மேல் அண்ணாச்சியின் சாப்பாட்டுத் தூக்குவாளி. மாடிப்படிக்கு அடியில் முக்கோணமாக ஓர் இடம் மிஞ்சியிருந்தது. அங்கேதான் கம்ப்யூட்டரையும் என்னையும் வைத்தார். எழுந்திருக்கும்போது தலையில் இடித்துக்கொள்ளாமல் இருக்கப் பழக எனக்குக் கொஞ்ச காலம் ஆனது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அதற்குப் பிறகு பெண்கள் கல்லூரியில் கணினி அறிவியலும் படித்தேன். வேலை கேட்டுப் போனபோது அண்ணாச்சி என் சான்றிதழ்களைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "டிசைனும் போடணும், கம்ப்யூட்டரு மக்கர் பண்ணுனா நீயே பாத்துக்கிடவும் செய்யணும். முடியுமா பாப்பா?" என்று மட்டும் கேட்டார். முடியும் என்றேன். அன்றிலிருந்து அந்த முக்கோணம் என்னுடையது.

அம்மா, எம். புதுப்பட்டி என்ற ஊர்ப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவள். குமரியாக உள்ளே போனவள், நான் சம்பாதிக்க ஆரம்பிக்கும் வரை அங்கேதான் இருந்தாள். முதல் சம்பளம் வாங்கிய அன்றே, இனி அந்தப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அவளைச் சம்மதிக்க வைக்க ஒரு தீபாவளி சீசன் முழுவதும் பிடித்தது. வீட்டில் சும்மா உட்காரச் சொன்னால் உட்காருகிற ஆள் இல்லை. கடைசியில் எங்கள் அச்சகத்திலேயே பைண்டிங் வேலைக்குக் கூட்டி வந்தேன். காலண்டரின் தலையில் தகரப் பட்டை அடிப்பது, தாள் எண்ணி அடுக்குவது, பட்டாசு லேபிள்களைக் கட்டுப் போடுவது. நான் படிக்கு அடியில்; அவள் எதிர்ச் சுவரோரம் தரையில், மற்ற பைண்டிங் பெண்களோடு. தலையைத் திருப்பினால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும். அந்த ஏற்பாட்டில் எனக்கு உள்ளூரப் பெருமை உண்டு. அம்மாவுக்குத்தான் ஒரு குறை.

"இங்கன எல்லாம் ரொம்ப மெதுவா இருக்குடி. ஒண்ணுக்கும் பயப்படாம எப்பிடி வேலை பாக்குறதாம்?" என்பாள்.

சிவகாசிப் பக்கத்து அச்சகங்களுக்கு ஆண்டு சித்திரையில் பிறப்பதில்லை. ஆடிப் பதினெட்டில் பிறக்கிறது. அடுத்த ஆண்டின் காலண்டர் படங்களை எல்லாம் ஒன்றாகத் தைத்துப் பெரிய மாதிரிப் புத்தகமாக்கி, அன்று காலையில் பூஜைக்கு வைத்து எடுப்பார்கள். அதற்குப் பெயர் ஆல்பம். வெளியூர் ஏஜெண்டுகள் அதைச் சுமந்துகொண்டுதான் கடை கடையாக ஏறி ஆர்டர் பிடிப்பார்கள். ஆல்பம் இருப்பவர் காலண்டர் கம்பெனிக்காரர். இல்லாதவர், அவருக்கு அச்சடித்துக் கொடுப்பவர். அண்ணாச்சி தலை நரைக்கும் வரை அச்சடித்துக் கொடுப்பவராகவே இருந்தார். ஊரில் உள்ள ஆல்பங்களைப் புரட்டினால் எத்தனையோ முருகனும் லட்சுமியும் எங்கள் மிஷினில் ஓடியவர்கள்தான். அட்டையில் மட்டும் எங்கள் பெயர் இருக்காது.

அந்த ஆண்டு தைப் பொங்கல் முடிந்த கையோடு அண்ணாச்சி என் முக்கோணத்துக்கு முன்னால் வந்து குனிந்து நின்றார்.

"பாப்பா, இந்த ஆடிக்கு நம்ம பேருல ஒரு ஆல்பம் போட்டுரணும். சின்னதா இருந்தாலும் நம்மளுதா இருக்கணும். வீட்டம்மா வேற கேட்டுக்கிட்டே இருக்கா, சாகுறதுக்குள்ள போடுவீகளா மாட்டீகளான்னு."

அதன் பிறகு நாங்கள் இருவரும் அந்த ஆல்பத்துக்குள்ளேயே குடியிருந்தோம். பிள்ளையார், குழந்தைக் கண்ணன், அருவி, ரோஜாப்பூ, பசுவும் கன்றும் என்று ஒவ்வொரு படமாகச் சேர்ந்தது. முதல் பக்கத்துக்கு மாரியம்மன் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அதை எங்கிருந்தும் வாங்காமல் நானே கம்ப்யூட்டரில் வரைந்தேன். பீடத்தில் அமர்ந்த கோலம், கையில் சூலம், கழுத்தில் எலுமிச்சை மாலை, கொலுசு போட்ட பாதம். அண்ணாச்சி தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பல் குத்திக்கொண்டே வந்து பார்ப்பார்.

"புருவத்த இன்னும் கொஞ்சம் தூக்கு. ஆத்தா கோவமா இருக்கணும். ஆனா நம்ம மேல இல்ல."

அந்த ஒரு வாக்கியத்தை முகமாக்கத்தான் எனக்கு மாசியும் பங்குனியும் போனது. முடித்துக் காட்டிய அன்று அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்தார்.  அம்மா பைண்டிங் பக்கத்திலிருந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள், "மூக்கு எங்க புள்ளைக்கு இருக்கிற மாதிரியே இருக்கு." உண்மையில் அது அம்மாவின் மூக்கு. வேறு யாருடைய மூக்கை நான் அவ்வளவு நாள் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்?

இத்தனையும் டி டிரைவில் இருந்தது. அது பழைய டிஸ்க். பல ஆண்டு லேபிள்கள் ஏற்கெனவே அதை நிரப்பியிருந்தன. ஆல்பம் படங்கள் ஒவ்வொன்றும் பெரிய கோப்பு. இடத்தைக் காட்டும் பட்டை சிவப்பாகிவிட்டது. இன்னொரு டிஸ்க் வாங்கி ஒரு நகல் எடுத்து வைத்துவிடலாம் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"இருக்கிறதுலயே கொஞ்சம் நெருக்கி அடுக்க வழியில்லையா பாப்பா?" என்பது அண்ணாச்சியின் பதில்.

ஒரு வழி இருக்கிறது, சுருக்கி வைப்பது. ஆனால் கிழட்டு டிஸ்க்கில் அதைச் செய்யக் கூடாது என்று விளக்கினேன். அவர் மனதில் வாக்கியத்தின் முதல் பாதி மட்டும் தங்கிவிட்டது.

வைகாசி கடைசியில் ஒரு நாள் பிளேட் விஷயமாகச் சிவகாசிக்குப் பஸ் ஏறிப் போனேன். நான் போனதும் அண்ணாச்சி என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். டி டிரைவின் விவரங்களைத் திறந்திருக்கிறார். இடத்தை மிச்சப்படுத்த இந்த டிரைவைச் சுருக்கு என்கிற பொருளில் அங்கே ஓர் ஆங்கில வரியும், பக்கத்தில் ஒரு சின்னக் கட்டமும் உண்டு. ‘இடம்’, ‘மிச்சம்’ என்ற இரண்டு சொற்களுக்குமான ஆங்கிலம் அவருக்கு நன்றாகத் தெரியும். கட்டத்தில் ஒரு டிக் போட்டு, சம்மதம் கொடுத்துவிட்டு ஏதோ வேலையாக வீட்டுக்குப் போய்விட்டார். டிரைவு தன்னிடம் இருந்த ஒவ்வொரு கோப்பையும் எடுத்து நசுக்கி மறுபடி வைக்கத் தொடங்கியது.

கொஞ்ச நேரத்தில் வானம் கறுத்து இடி இடித்தது.

பட்டாசு ஆலையில் இடிச் சத்தம் கேட்டால் யாரும் யாருக்கும் உத்தரவு போடுவதில்லை. கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். யார் சுவிட்சுக்குப் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் மெயினை அணைத்துவிட்டு வர வேண்டும். அம்மாவுக்கு அது யோசித்துச் செய்யும் காரியமே இல்லை, தும்மல் மாதிரி. அன்று எங்கள் அச்சகத்தில் மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அவள்தான்.

நான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது பைண்டிங் பெண்கள் எல்லோரும் தெருவில் நனைந்துகொண்டு நின்றார்கள். மிஷின் ஓட்டுகிற அண்ணன் வாசலில் நின்று அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"உங்கம்மா எங்க எல்லாரையும் பத்தி விட்டுட்டாக. பேப்பரு வெடிச்சிருமாம்" என்றார்.

"சிரிங்க தம்பி, நல்லாச் சிரிங்க. உசுரோட இருக்கவும்தான சிரிக்கீக" என்றாள் அம்மா, தலையிலிருந்து தண்ணீர் வடிய.

எனக்கும் சிரிப்பு வந்தது. உள்ளே குனிந்து என் இடத்தைப் பார்த்தேன். யூபிஎஸ்ஸும் அணைந்து கிடந்தது. மெயின் போனாலும் அது கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்க வேண்டுமே.

"அம்மா, இத யாரு அமத்துனது?"

"நாந்தான். மெயின அமத்தவும் அது கீ கீன்னு கத்துச்சு. தீப்பிடிக்கப் போகுதோன்னு அதையும் அமத்திட்டேன். ஏன் புள்ள?"

அண்ணாச்சி அந்த நேரத்தில் குடையோடு வந்தார். மிகுந்த திருப்தியோடு கேட்டார், "எம்புட்டு எடம் மிச்சமாயிருக்கு பாப்பா?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது.

கரண்டைப் போட்டுக் கம்ப்யூட்டரைத் தட்டினேன். விண்டோஸ் எழுந்தது. டி டிரைவும் தெரிந்தது. உள்ளே பாதிக் கோப்புகளின் பெயர்கள் நீல நிறமாக மாறியிருந்தன. சுருக்கப்பட்டவற்றின் அடையாளம் அது. மீதி கறுப்பாகவே இருந்தன. ஆல்பம் கோப்புறையைச் சொடுக்கினேன். சிதைந்திருக்கிறது, படிக்க முடியவில்லை என்று ஒரு கட்டம் வந்தது. மறுபடி சொடுக்கினேன். மறுபடியும் அதே கட்டம். பின்னாலேயே இன்னொரு செய்தி: டிரைவில் பிழைகள் இருக்கின்றன, சரிசெய்யவா?

அண்ணாச்சி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "சரி பண்ணவான்னு அதுவே கேக்குதுல்ல. சரின்னு அமுக்கு!"

"அமுக்க மாட்டேன் அண்ணாச்சி."

"ஏன்?"

"அது டிஸ்க்கத்தான் சரி பண்ணும், படத்த இல்ல. எந்தத் துண்டு யாருதுன்னு தெரியலைன்னா ஒதுக்கிப் போட்டுட்டு, இப்ப எல்லாம் சுத்தமா இருக்குன்னு சொல்லிரும்."

"கலியாண வீட்டக் கூட்டுற மாதிரியா?"

"ஆமா. கூட்டுற வேகத்துல கீழ கெடக்குற மோதிரத்தையும் சேத்துக் கூட்டிரும்."

அவர் குடையை மடக்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். நான் சொன்னேன்: சாதாரணமாக எழுதிய டிஸ்க் நம் குடோனில் தனித்தனியாக அடுக்கிய பெட்டி மாதிரி, ஒன்று நனைந்தால் அந்த ஒன்றுதான் போகும். சுருக்கிய டிஸ்க், இண்டு இடுக்கு விடாமல் திணித்த பட்டாசு கிஃப்ட் பாக்ஸ். ஒரு இடத்தில் ஈரம் பட்டால் ஒட்டியிருக்கிற எல்லாமும் சேர்ந்து போகும். நாம் பாதி திணித்துக்கொண்டிருக்கும்போது பெட்டியைக் கீழே போட்டிருக்கிறோம். முதலில் இதில் இருப்பது எதுவோ, உடைந்தது உடையாதது எல்லாவற்றையும் அப்படியே இன்னொரு டிஸ்க்கில் படியெடுக்க வேண்டும். பிறகு அந்தப் படியின் மேல்தான் கை வைக்க வேண்டும். தப்பாகப் போனாலும் மூலம் மூலமாகவே இருக்கும்.

 அண்ணாச்சி அந்த மழையிலேயே பைக்கை எடுத்துக்கொண்டு சிவகாசிக்குப் போனார். அத்தனை மாதம் நான் கேட்டுக் கிடைக்காத டிஸ்க், சட்டைக்குள் வயிற்றோடு அணைத்தபடி வந்து சேர்ந்தது.

அவர் வருவதற்குள் கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றினேன். அம்மா பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். தன் தூக்குவாளியைத் திறக்கவே இல்லை.

"என்னைய நிப்பாட்டிருவாகளா?"

"உன்ன எதுக்கு நிப்பாட்டணும்? டிக் போட்டது அவரு."

"அமத்துனது நாந்தான. ஆல்பம் ஆல்பம்னு அந்த மனுசன் தைலருந்து பேசிக்கிட்டுத் திரியிறாக."

உள்ளே கை விடுமுன் பழக்கத்தில் பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டேன். அம்மாவின் கண் அதில் நின்றது.

"அத எதுக்குத் தொடுற?"

"என் ஒடம்புல இருக்கிற கரண்டு இதுல பாயக் கூடாது. பாஞ்சா கெட்டுரும்."

"எங்க கம்பெனியிலயும் வெடிமருந்து ரூமுக்குள்ள போகுமுன்ன வாசல்ல ஒரு செம்புத் தகட்டத் தொட்டுட்டுத்தான் போகணும்." கொஞ்சம் யோசித்தாள். "அம்புட்டுப் படிச்சு, கடைசில இதத்தானா சொல்லிக் குடுத்தாக?"

அன்றைக்கு அவள் சிரித்தது அப்போதுதான்.

படியெடுப்பது வேகமாக நடக்கிற வேலை இல்லை. நல்ல இடங்களில் ஓடும். கெட்ட இடம் வந்தால் நின்று, திரும்பத் திரும்ப முட்டிப் பார்த்து, முடியாதென்றால் குறித்து வைத்துவிட்டு நகரும். அடுத்த நாள் முழுக்க அது நடந்தது. திரையில் சதவீதம் ஊர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறை அது நிற்கும்போதும் டிஸ்க்கிலிருந்து டிக் டிக்கென்று ஒரு சத்தம் வரும். அண்ணாச்சி பெட்டிக்குத் திருநீறு பூசினார். பைண்டிங் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த மாதிரி வரிசையாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"எப்பிடி இருக்கு?"

"மூச்சு இருக்கு."

"ஆரஞ்சு ஏதும் வாங்கியாரவா?"

அம்மா மட்டும் வரவில்லை. தன் இடத்தை விட்டு எழுந்து, மெயின் சுவிட்சிலிருந்து மிகத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

படி முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றி மஞ்சள் துணியில் சுற்றி அண்ணாச்சியிடம் கொடுத்தேன். அதைக் கொண்டுபோய்ச் சாமி அலமாரியில் வைத்தார். பிறகு நகலின் மேல், நான் அமுக்க மறுத்த அந்தச் சரிபார்ப்பை ஓட்டினேன். கறுப்புத் திரையில் வரிகள் மேலே ஏறின. உடைந்த தொடர்புகளை ஒட்டினேன், சொந்தம் தெரியாத துண்டுகளை எடுத்துத் தனியே வைத்தேன் என்று அது சொல்லிக்கொண்டே போனது. முடிந்தபோது ஆல்பம் கோப்புறை திறந்தது. கூடவே இன்னொரு கோப்புறையும் புதிதாக இருந்தது. உள்ளே பெயரில்லாத, வெறும் எண் மட்டும் இருந்த துண்டுகள்.

எல்லோரையும் கூப்பிட வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் முதல் படத்தைச் சொடுக்கும்போது என் முதுகுக்குப் பின்னால் மூச்சு விடக்கூட இடமில்லை. பிள்ளையார் வந்தார், முழுசாக. ஒரு பெண் குலவை போட்டாள். அருவி வந்தது. ரோஜா வந்தது. பசு வந்தது, கன்றின் பின்கால் பக்கம் மட்டும் பச்சைக் கோடு கோடாகச் சிதறியிருந்தது. புல்லுதான், புல்லுதான் என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில் சமாதானம் சொன்னார்கள். குழந்தைக் கண்ணன் திறக்கவே இல்லை. பெயரில்லாத துண்டுகளுக்கு ஒவ்வொன்றாகப் படக் கோப்பின் பெயர் கொடுத்துத் திறந்து பார்த்தேன். அம்மா இப்போது எனக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். நீலமாக எது தெரிந்தாலும் "இதான் கண்ணன்" என்றாள். அதில் ஒன்று வாண வெடி லேபிள், ஒன்று யாரோ ஒருவருடைய பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ். அடுத்த ஒன்றில் உண்மையாகவே கண்ணன் வெண்ணெய்ச் சட்டியோடு உட்கார்ந்திருந்தான்.

"நாஞ் சொன்னேன்ல?"

"நீ எல்லாத்துக்கும்தான சொன்ன."

இப்படியே ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. நான் மாரியம்மனைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே போனேன். அண்ணாச்சிக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அவரும் கேட்கவில்லை.

மாரியம்மனை அடுக்கடுக்காக நான் வரைந்து வைத்திருந்த மூலக் கோப்பு திறக்கவில்லை. எந்த மென்பொருளில் போட்டாலும் அசையவில்லை. அச்சுக்கு அனுப்புவதற்காக எல்லா அடுக்கையும் ஒன்றாக்கிச் சேமித்த இன்னொரு கோப்பு இருந்தது. அது திறந்தது. மேலிருந்து கீழாகப் படம் மெல்ல இறங்கியது. கிரீடம். நெற்றி. அந்தப் புருவம். கண்கள். மூக்குத்தி. உதடு. எலுமிச்சை மாலையில் முதல் சுற்று. அதற்குக் கீழே ஒரு சாம்பல் பட்டை, ஒரு ஊதாப் பட்டை, பிறகு கடைசி வரை வெறும் சாம்பல்.

பின்னால் இருந்தவர்கள் சத்தமில்லாமல் கலைந்து போனார்கள். அண்ணாச்சி திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"பின்னமாயிருச்சு" என்றார்.

உடைந்த சிலையைச் சந்நிதியில் வைத்துக் கும்பிட மாட்டார்கள். உடைந்த சாமி படத்தை வீட்டில் மாட்ட மாட்டார்கள். அந்தச் சொல்லுக்கு மேல் அவர் விளக்க வேண்டியது எதுவும் இல்லை.

"மொதப் பக்கத்துல ஆத்தா இப்பிடி உக்காந்துட்டா. இந்த வருசம் வேண்டாம்னு சொல்றா போல. விடு பாப்பா. எல்லாருக்கும் எல்லாம் அமையாது. நாம லேபிளே அடிப்போம்."

கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் குரலில் கோபமே இல்லை. சாப்பாட்டு நேரம் ஆகாமலே தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மறுபடி வரைய நாள் இல்லை. ஆனியில் பிளேட் போட்டால்தான் ஆடிக்குத் தைத்து முடிக்க முடியும். அந்தப் புருவம் இன்னொரு தரம் எனக்கு வருமா என்பதும் தெரியாது.

திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சாம்பலைப் பார்த்தவரை அது உடைந்த படமாகத்தான் இருந்தது. ஒரு கட்டத்தில் அலுத்துப்போய்ச் சாம்பலை வெட்டி எறிந்தேன். மிஞ்சியதைப் பெரிதாக்கினேன். சுவரொட்டி அளவுக்கு வரைந்த படம் என்பதால் பெரிதாக்கினாலும் கலங்கவில்லை. கிரீடத்தின் நுனி மேலே வெட்டுப்பட, தாடைக்குக் கீழே ஒற்றை எலுமிச்சை மாலையோடு பக்கம் முழுக்க முகமாகவே நின்றது. பீடமும் சூலமும் கொலுசும் இருந்தபோது கண் எங்கெங்கோ அலைந்தது. இப்போது போக வேறு இடம் இல்லை.

அம்மா தகரம் அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "ஆத்தாடி" என்றாள். 

அண்ணாச்சி திரும்பி வந்ததும் காட்டினேன். வாசலில் அவர் செருப்பைக் கழற்றியதை நான் கவனித்தேன். ஆனால் தலையை ஆட்டினார்.

"பாதிச் சாமிய முழுச்சாமின்னு விக்கச் சொல்றியா?"

"எங்க ஊருல ஆத்தாளுக்கு ஒடம்பே கெடையாது அண்ணாச்சி. மண்ணுல இருந்து தல மட்டும்தான் வெளிய இருக்கும். அதுக்குத்தான் பொங்க வைக்கிறோம், மொளப்பாரி எடுக்கிறோம், தீச்சட்டி எடுக்கிறோம். யாரும் பாதிச் சாமின்னு சொல்லல."

"அது ஆத்தாளா அப்பிடி எழுந்து வந்தது. இது மெயின அமத்துனதுல வந்தது."

எதிர்ச் சுவரோரத்தில் சுத்தியல் சத்தம் நின்றுபோனது. அதைக் கேட்டதும் அண்ணாச்சிக்கே என்னவோபோல் ஆகிவிட்டது. "நா ஒண்ணும் ஒன்னயச் சொல்லல தாயி. டிக் போட்டவன் நாந்தான்" என்று அந்தப் பக்கம் பார்த்துச் சொன்னார். பிறகு என்னிடம், "பூக்கேட்டுப் பாத்துருவோம்" என்றார்.

சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சந்நிதியில் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளை வந்தால் அச்சடிப்பது, சிவப்பு வந்தால் விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. அண்ணாச்சியும் அவர் வீட்டம்மாவும் கிளம்பினார்கள். அம்மா யாரும் கூப்பிடாமலே, தானும் வருவதாகச் சொல்லிப் பின்னால் நடந்தாள். நான் போகவில்லை. ஒரு டிஸ்க்கின் ஒவ்வொரு துண்டாகத் தேடி மீட்டெடுத்து வைத்திருக்கிறேன்; இனி ஒரு பொட்டலம் தீர்ப்புச் சொல்ல வேண்டுமா என்று எனக்கு எரிச்சல். பல்லைக் கடித்துக்கொண்டு கன்றின் பின்காலைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அந்தக் காலை எத்தனை தரம் வரைந்தாலும் ஆட்டுக் கால் மாதிரியே வந்தது.

முதலில் அம்மா வந்தாள். நேராகத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து தாளை எண்ணத் தொடங்கினாள்.

"என்ன வந்துச்சு?"

"பசிக்கு. சாப்பிட்டுச் சொல்றேன்."

"அம்மா!"

"படிச்ச புள்ள, நீதான் இதெல்லாம் நம்ப மாட்டியே. பெறகு எதுக்குக் கேக்குற?"

நான் எழுந்த வேகத்தில் படியில் தலையை இடித்துக்கொண்டேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதற்குள் அண்ணாச்சி உள்ளே வந்து ஒரு வெள்ளை அரளியை என் மானிட்டர் மேல் வைத்தார். "பிளேட்டு போட்டுரு பாப்பா" என்றார்.

ஆடிப் பதினெட்டு அன்று காலை அச்சகத்தைக் கழுவிவிட்டு, மிஷினுக்கு மாலை போட்டு, ஒரே ஒரு மேசையை எப்படியோ நடுவில் வைக்க இடம் பண்ணி, அதன் மேல் ஆல்பத்தை வைத்தோம். அட்டையில் எங்கள் அச்சகத்தின் பெயர். அண்ணாச்சியின் வீட்டம்மா பட்டுச் சேலையில் வந்திருந்தார். சூடம் காட்டி முடிந்ததும் அண்ணாச்சி அதை யாரிடமும் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். எதற்கென்று எனக்குத் தெரியும். பூ சம்மதித்துவிட்டது, நானும் சொல்லிவிட்டேன். ஆனால் என்ன நடந்தது என்று தெரியாத ஒருவன் இதைச் சாமியாகப் பார்ப்பானா, வெட்டிய படமாகப் பார்ப்பானா?

மதுரைப் பக்கத்து ஏஜெண்ட் ஒருவர் பத்துமணி வாக்கில் வந்தார். காலையிலிருந்து பல கம்பெனிகளில் ஆல்பம் பார்த்து வந்த ஆள். தோளில் ஏற்கெனவே கனமான பை.

"என்ன அண்ணாச்சி, நீங்களும் களத்துல எறங்கிட்டீக. காட்டுங்க பாப்போம்" என்று சொல்லிக்கொண்டே நின்றவாக்கிலேயே விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு அட்டையைப் புரட்டினார். ஏஜெண்டுகள் சீட்டாட்டக்காரர்கள் மாதிரிப் புரட்டுவார்கள். ஒரு பக்கத்தில் ஒரு விநாடிக்கு மேல் கை நிற்காது.

முதல் பக்கம் திறந்தது. அவர் அடுத்த பக்கத்துக்கு விரலைக் கொண்டுபோனார். போன விரலை இழுத்துக்கொண்டு, வேட்டியில் துடைத்தார். பிறகு தாளின் ஓரத்தை நுனிவிரலால் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் புரட்டினார்.

கண்ணில் ஒற்றிக்கொண்டது அவருக்கு ஒன்றுமே இல்லை. அவர் பாட்டுக்கு அருவி, ரோஜா என்று போய்க்கொண்டிருந்தார், கன்றுக்குட்டிப் படத்தில் நின்று, "இது என்ன அண்ணாச்சி, கன்னுக்கு ஆட்டுக் கால் ஒட்டியிருக்கு?" என்றுகூடக் கேட்டார்.

அண்ணாச்சி காதில் அது விழவில்லை. அவர் தன் வீட்டம்மாவைப் பார்த்தார், அப்புறம் என்னை, அப்புறம் பைண்டிங் பக்கம் திரும்பி அம்மாவை. 

"எல்லாருக்கும் டீ சொல்லுங்க" என்றார். "உக்காருங்க தம்பி, ஏன் நின்னுக்கிட்டே பாக்கீக?"

உட்கார எங்கள் அச்சகத்தில் இடம் ஏது? அம்மா எழுந்து தன் மனைப்பலகையைத் துடைத்து அவருக்குப் போட்டாள்.